பொல்பெத்தா: பந்து இல்லாத சொல்

கொத்துக்கறியை உருட்டிச் செய்யும் மீட்பாலை (meatball) சிலர் ‘இறைச்சிப் பந்து’ என்று தமிழாக்குகிறார்கள். படிக்கும்போதே பல்லில் ரப்பர் கடிபடுகிறது. பந்து ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அந்தப் பண்டத்தை வீட்டுக்கு வீடு பாட்டி கைப்பக்குவமாகச் செய்துவரும் இத்தாலியர் வைத்த பெயரில் பந்தும் இல்லை, உருண்டையும் இல்லை.

அவர்கள் சொல்வது பொல்பெத்தா; பன்மையில் பொல்பெத்தே. ‘பொல்பா’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் இலத்தீன் ‘புல்பா’. பழத்தின் சதைக்கும் எலும்பில்லாத கறிக்கும் அங்கே இந்த ஒரே சொல். நாமும் அப்படித்தானே, மாம்பழத்துக்கும் சதை என்கிறோம், தொடைக்கும் சதை என்கிறோம். ‘எத்தா’ சிறியது என்று காட்டும் விகுதி. விகுதியை மாற்றிப் பொல்பெத்தோனே என்றால் நீளமாகப் பிடித்து வேகவைக்கும் பெரிய கறிக்கட்டி. (ஆக்டோபஸுக்கு இத்தாலியப் பெயர் பொல்போ. ஒலிதான் ஒன்று, உறவில்லை.)

15ஆம் நூற்றாண்டுச் சமையற்காரர் மார்த்தினோவின் பொல்பெத்தே உருண்டையே அல்ல. கன்றின் தொடைக்கறியை மெல்லிய நீளத் துண்டுகளாக்கி, தட்டி, சோம்பு வகையும் உப்பும் தடவி, சுருட்டிக் கம்பியில் குத்திச் சுடுவது அது. வடிவத்தால் பெயர் பெற்றது மிலான் நகரத்துக் கறியுருண்டையான மொண்டெகிலி. ஸ்பானிய ‘அல்பொண்டிகா’ வழியாக வந்த அந்தச் சொல்லின் அரபு மூலத்துக்கு ஹேசல் கொட்டை என்று பொருள்.

1891இல் வந்த தன் சமையல் நூலில் பெல்லெக்ரினோ அர்த்தூசி, பொல்பெத்தே செய்யக் கழுதை முதல் எல்லாருக்கும் தெரியும் என்று கிண்டலடித்துவிட்டு, மீந்துபோன வேகவைத்த கறியில் செய்யும் முறையைத் தருகிறார். மிச்சத்தைக் காசாக்குவதுதான் இதன் சூட்சுமம். இன்று வீட்டில் செய்வதென்றால் அரைக்கிலோ கொத்துக்கறிக்கு, பாலில் ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டி 100 கிராம், ஒரு முட்டை, ஒரு பிடி சீஸ் துருவல், பூண்டு, பார்ஸ்லி, துளி ஜாதிக்காய். ரொட்டி கறியைக் கூட்டிக் காட்டுவதோடு நிற்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதால் உருண்டை கல்லாகாது. அழுத்திப் பிசைந்தால் அதுவும் உதவாது. தக்காளி சாஸில் வெந்ததும் சாஸ் பாஸ்தாவுக்குப் போகும், உருண்டை அடுத்த பரிமாறலுக்கு. ஒரே சட்டியில் இரண்டு பதார்த்தம்! ஸ்பெகட்டி மேல் பெரிய உருண்டைகளை ஏற்றிவைப்பது அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர் பழக்கம். இத்தாலியின் அப்ருத்சோ பகுதியில் கறியே வாங்காமல் ரொட்டி, சீஸ், முட்டையில் உருண்டை பிடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘பல்லொத்தே’ என்ற அதன் பெயரில்தான் பந்து இருக்கிறது.

நமக்கும் அவர்களுக்கும் சொல் ஒற்றுமை சதையோடு நிற்கவில்லை. இத்தாலியில் கடைக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்குவதற்கு ‘ஸ்பேசா செய்வது’ என்று பெயர். ஸ்பேசா என்றால் செலவு. நிறுத்துக் கொடுப்பதைக் குறித்த இலத்தீன் வினைச்சொல் அதன் அடி. கொங்கு நாட்டில் மிளகு, சீரகம் முதலான மளிகைச் சாமானே ‘செலவு’. அதில் வைப்பது செலவு ரசம். இரண்டு ஊரிலும் பர்ஸ் ஒரே மாதிரி பேசியிருக்கிறது.

பொல்பெத்தாவுக்குத் தமிழில் ‘கறியுருண்டை’ போதும். கறி என்பதில் சதை வந்துவிடுகிறது, உருண்டை நாம் சேர்த்த வசதி. ‘கோலா உருண்டை’ என்று எழுதத் தோன்றும். அங்கேயும் ரொட்டியின் வேலையைப் பொட்டுக்கடலை பார்க்கிறது. ஆனால் அப்படி எழுதினால் சாப்பிட உட்காருபவர் கசகசாவையும் சோம்பையும் தேடுவார், கிடைப்பது சீஸும் ஜாதிக்காயும்தான்.