நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

மார்ச் பிறந்தாலே இது ஆரம்பித்துவிடுகிறது. நேற்று மாலை வந்த பிளஸ் டூ மாணவி இந்த வாரத்தில் நான்காவது ஆள். "ராப்பகலா படிக்கிறா டாக்டர், ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது. ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுங்க" என்றார் அம்மா. திருப்புதல் தேர்வுக் கணக்குத் தாளையும் கொண்டுவந்திருந்தார். வழிமுறை எல்லாம் சரி. நான்காவது வரியில் ஒரு மைனஸ் விடுபட்டு, விடை மாறியிருந்தது. பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை இறக்குவதற்குள் பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

டியூஷன் முடிந்து வீடு வர ஒன்பதரை. ரெக்கார்டு நோட்டு முடித்துப் படுக்கப் பன்னிரண்டு. நாலு மணிக்கு அப்பா எழுப்பிவிடுகிறார். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். (ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னேன். பெண் பிள்ளை சோர்வாக வந்தால் அதைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.)

விடியற்காலையில் படித்தால்தான் மனதில் பதியும் என்கிறீர்கள். உங்கள் தாத்தா நாலு மணிக்கு எழுந்தார், சரி. அவர் எட்டரைக்கே படுத்துவிட்டாரே! படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? படித்ததை மூளை நிலைநிறுத்துவதே தூக்கத்தில்தான். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் வருகிறது. நாலு மணி அலாரம் வெட்டுவது அதைத்தான். போதாததற்கு, பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகும். ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

"அவளுக்குப் பழகிப்போச்சு" என்பது அடுத்த பதில். பழகாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறே மணி நேரம் தூங்கியவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தது. அந்த ஆறு மணி நேரக்காரர்களோ தங்களுக்கு அவ்வளவாகத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே சொன்னார்கள்.

பத்தரைக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஆறரைக்கு எழட்டும். மாலை நான்குக்கு மேல் டீ, காபி வேண்டாம்; ஐந்து மணி நேரம் கழித்தும் காஃபீனில் பாதி உடம்பில் இருக்கும். போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி புதுப் பாடத்தைத் தொடவே வேண்டாம்.

டானிக் எழுதவில்லை. அவளுக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதுவரையாவது அந்த அலாரத்தை வைக்காதீர்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டேன்.