பாங்கு ஓசையும் பாதி வசனமும்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் எடுத்த 12 நிமிடக் குறும்படம், எடிட்டிங்குக்கு என்னிடம் வந்தது. கல்லூரியில் ஒப்படைக்க மூன்று நாள் இருந்தது. "எல்லாம் எடுத்தாச்சுண்ணே, வெட்டி ஒட்டினா போதும்" என்று தம்பி ஹார்ட் டிஸ்க்கை நீட்டினார். இருந்ததே அந்த ஒரு டிஸ்க்தான். அதனால் எடிட்டிங்கைத் தொடாமல் முதலில் இரண்டு காப்பி எடுத்தேன்.

சமையலறையில் அம்மாவும் மகனும் பேசுகிறார்கள். அம்மா முகம் வரும்போது பின்னால் பள்ளிவாசல் பாங்கு. மகன் முகத்துக்கு வெட்டினால் சட்டென்று அமைதி. திரும்ப அம்மா, திரும்பப் பாங்கு. சில நிமிடம் காத்திருந்தால் முடிந்திருக்கும். கோலாலம்பூரில் படமெடுப்பவர்கள் தொழுகை நேரத்தை அன்றைய ஷூட்டிங் அட்டவணையிலேயே எழுதிக்கொள்வது நல்லது. மாலை மழையையும் சேர்த்துத்தான். தகரக் கூரை இருந்தால் அன்று வசனமே வேண்டாம்.

இரைச்சலை நீக்க மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். மின்விசிறியின் சீரான இரைச்சலை அது ஓரளவு குறைக்கும். மனிதக் குரல்மேல் இன்னொரு மனிதக் குரல் விழுந்துவிட்டால் கஷ்டம். அம்மா தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. நடிகையை வரவழைத்து டப்பிங் செய்தோம்.

டப்பிங் குரல் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததுதான் பிரச்சினை. அந்தச் சமையலறைக்கென்று ஓர் ஓசை உண்டு: விசிறி, ஐஸ்பெட்டி, கீழே ஓடும் மோட்டார் சைக்கிள். அது இல்லாமல் குரல் அந்தரத்தில் தொங்கியது. எல்லோரையும் வாய்மூடி நிற்கச் சொல்லி அறையின் ஓசையை மட்டும் 30 விநாடி பதிவு செய்திருந்தால் போதும், செய்யவில்லை. வசனங்களுக்கு நடுவே கிடைத்த 2 விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினேன். விசிறியின் 'டக்' சத்தம் தாளம்போடத் தொடங்கிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு, கேமராக்காரர் நிறுத்த மறந்த ஒரு டேக்கின் வாலில் 14 விநாடி அகப்பட்டது. அவருக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கடன்பட்டிருக்கிறேன்.

சில ஷாட்டுகள் போனில் எடுத்தவை. கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம். போனிலோ 30 என்று எழுதியிருந்தாலும் பல போன்களில் அந்த எண் நிலையாக நிற்பதில்லை. டேக் தொடக்கத்தில் உதடும் ஒலியும் ஒத்துப்போகும், முடிவில் விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அவற்றை நிலையான 25-க்கு மாற்றிய பிறகே டைம்லைனில், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், வைக்க வேண்டும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டைகள் ஓடின. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்திருக்க வேண்டும், 1/60-இல் வைத்திருந்தார்கள். எடிட்டிங்கில் சரிசெய்யப் பார்த்தும் பட்டைகள் பாதிதான் மறைந்தன.

தலைப்பு அட்டையில் தமிழ் எழுத்துகளின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதைவிட முக்கியம், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வோர் அட்டையையும் காட்டுவது. ஒற்றுப்பிழை என்னிடமும் தப்பும்.

படத்தை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து முடிந்ததும் தம்பி கிளம்பப் பார்த்தார். "டைம்லைன்ல பார்த்துட்டோமேண்ணே?" வந்த ஃபைலை முழுசாகப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று உட்காரவைத்தேன். ஒன்பதாவது நிமிடத்தில், இரண்டு ஷாட்டுக்கு நடுவே, ஒரே ஒரு கறுப்பு ஃபிரேம் கண்ணடித்தது.