புது கம்ப்யூட்டர் வந்தாச்சு, பழசை எங்கே கொடுப்பது? மின்கழிவு விதிகள் சொல்வது என்ன

விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய மதர்போர்டுகளில் கிடையாது. அதனால் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்பைக்கூட மாற்றிவிட்டு, பழசை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதை விற்கலாமா, யாருக்காவது கொடுக்கலாமா, காயலான் கடையில் போட்டால் தப்பா? இந்தியாவில் இதற்கென்று இருப்பவை 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 நவம்பரில் வெளியிட்ட இவை, 2016-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. முன்பு 21 வகைப் பொருட்கள் இருந்த பட்டியல் இப்போது 106 வகையாக நீண்டிருக்கிறது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆரம்பம் முதலே அதில் உண்டு.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பழசு என்பதாலேயே எதுவும் கழிவாகிவிடாது. இத்தனை வருடம் ஆனால் தூக்கிப்போட வேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கெடுவும் இல்லை. பயன்படுத்துகிறவர் எப்போது அதை வேண்டாம் என்று கழிக்க நினைக்கிறாரோ, அப்போதுதான் அதன் ஆயுள் முடிகிறது என்பதே விதியின் வரையறை. ஆகவே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதோ, தெரிந்தவருக்கு விற்பதோ உங்கள் இஷ்டம். விதி அதில் தலையிடாது. ஓடுகிற மெஷின் என்றால் இதுதான் நல்ல வழி என்பேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால், எட்டு வயதுப் பெட்டியும் டைப்பிங், பிரவுசிங் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இனி ஓடாது, அல்லது யாருக்கும் வேண்டாம் என்றானபின் கதை வேறு. 2016 விதிகளில் சாதாரண நுகர்வோருக்கென்றே பொறுப்புகள் எழுதப்பட்டிருந்தன. 2022 விதிகளில் பயனாளர் தரப்பில் பொறுப்பு சுமத்தப்பட்டிருப்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். ஒரு நிதியாண்டில் ஏதாவது ஒரு சமயத்தில் குறைந்தது 1,000 சாதனங்களைப் பயன்படுத்திய நிறுவனம் என்றால், பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் மின்கழிவைக் கொடுக்க வேண்டும். ஆயிரம் என்பது கம்ப்யூட்டர் கணக்கு மட்டுமல்ல, பட்டியலில் உள்ள எல்லாச் சாதனங்களும் சேர்த்து. வீட்டில் ஒன்றிரண்டு வைத்திருப்பவருக்குப் படிவமும் இல்லை, கணக்குக் காட்டும் வேலையும் இல்லை.

அதற்காக எடைக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுசுழற்சித் தொழிலைப் பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது என்பதும் இதே விதிதான். பதிவில்லாத பட்டறைகளில் ஒயரை எரித்துத் தாமிரம் எடுப்பார்கள், போர்டை அமிலத்தில் போட்டுத் தங்கம் பிரிப்பார்கள். புகையும் அமிலமும் முதலில் போய்ச் சேர்வது அங்கே வேலை செய்கிறவர் உடம்பில். பின்பக்கம் பெருத்த பழைய சிஆர்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி மானிட்டர்களின் உள்விளக்கில் பாதரசம் உண்டு.

விதிகளின் பெரும் பாரம் இருப்பது தயாரிப்பு நிறுவனங்களின் தலையில். சாதனத்தின் சராசரி ஆயுளைக் கணக்கில் வைத்து, அத்தனை ஆண்டுகளுக்கு முன் விற்ற எடையில் ஒரு பங்கு மறுசுழற்சியானதற்கு அவர்கள் சான்று காட்ட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70. 2027-28 முதல் 80. இந்தச் சான்றிதழைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து வாங்குகிறார்கள். தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு எவ்வளவு மீட்கப்பட்டது என்பதை வைத்துச் சான்றிதழ் உருவாகிறது. எந்த பிராண்டு பெட்டியிலிருந்து வந்த தாமிரம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பிராண்டே இல்லாத அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவரும் யோசிக்க வேண்டியதில்லை, நேரே மறுசுழற்சியாளரிடமே கொடுக்கலாம்.

பதிவுபெற்றவர்கள் யார் என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவுத் தளத்தில் பார்க்கலாம். பிராண்டு கம்ப்யூட்டர் என்றால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பழைய சாதனம் திரும்பப் பெறும் பக்கத்தையும் தேடிப் பாருங்கள். ஒற்றைப் பெட்டிக்காக வண்டி அனுப்பத் தயங்குகிறவர்களும் உண்டு. பழைய பிரிண்டர், சார்ஜர் என்று அக்கம்பக்கத்தாரோடு சேர்த்துக் கொடுத்தால் வேலை சுலபம்.

பேட்டரி இந்தக் கணக்கில் வராது. அதற்கு 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றில் நுகர்வோருக்கும் கடமை உண்டு: தீர்ந்த பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ சேர்க்க வேண்டும். யுபிஎஸ்ஸில் இருக்கும் கனமான பேட்டரி எல்லோர் கண்ணிலும் படும். மதர்போர்டில் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரியை மறந்துவிடுவோம். பக்கத்துக் கொக்கியை நகத்தால் லேசாகத் தள்ளினாலே அது எழும்பி வந்துவிடும்.

உங்கள் ஃபைல்கள் விஷயத்தில் மின்கழிவு விதிகள் கைகொடுக்காது. டிஸ்க்கில் இருப்பதை அழித்துக் கொடுப்பது உங்கள் வேலை. குயிக் ஃபார்மேட் போதாது. அது ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையைத்தான் துடைக்கும், ஃபைல்கள் அப்படியே கிடக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒருமுறையாவது முழுக்க மேலெழுதி, அதாவது பழைய தரவின் மேல் வேறு தரவை எழுதி, அழிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் அதைத் தயாரித்த நிறுவனமே தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். மேலெழுதும் முறையை அதில் முழுதாக நம்ப முடியாது. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். முழுதாகவோ பகுதியாகவோ கழிக்கப்பட்ட சாதனம் என்றுதான் மின்கழிவுக்கு வரையறை இருக்கிறது. டிஸ்க் இல்லாத சிபியூவும் அதில் அடக்கம்.