டொமினிக்கன் குடியரசின் இ-டிக்கெட்: யார் நிரப்ப வேண்டும், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

டொமினிக்கன் குடியரசுக்கு வணிக விமானத்தில் வந்திறங்கும் ஒவ்வொருவரும், அங்கிருந்து விமானத்தில் புறப்படும் ஒவ்வொருவரும், அந்நாட்டு அரசின் இ-டிக்கெட் என்னும் இணையப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி, டொமினிக்கன் குடிமகன், அங்கேயே குடியிருக்கும் வெளிநாட்டவர், மடியில் உட்கார்ந்து வரும் கைக்குழந்தை என்று எவருக்கும் விலக்கு கிடையாது. கட்டணமும் கிடையாது. மூன்று வரியில் முடிந்துவிடும் இந்த விதிக்காக, விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்கள் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சுற்றி நின்றுகொண்டு கைபேசியில் தடுமாறுவதையும், இலவசப் படிவத்துக்கு டாலர் கணக்கில் பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற வழியின்றி விழிப்பதையும் பார்த்துச் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு விமானத்திலேயே காகிதத்தில் கொடுக்கப்பட்ட குடிநுழைவு அட்டை, சுங்க அறிவிப்பு, பெருந்தொற்றுக் காலத்தில் சேர்ந்துகொண்ட உடல்நல அறிவிப்பு ஆகியவற்றை 2021இல் ஒன்றாக்கியதே இப்படிவம். பின்னணியாக இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. ஆனால், 2023இல் கப்பலில் வந்தவர்களையும் சேர்த்து ஒரு கோடிப் பயணிகளை வரவேற்ற நாடு, இப்படிவத்தைப் பற்றிய செய்தி பயணச்சீட்டு வாங்கும் இடத்திலேயே பயணியைச் சென்றடைய வேண்டும் என்று இன்னும் அக்கறை கொள்ளாதது வியப்பாகத்தான் இருக்கிறது.

முதலில் எந்த நாடு என்பதில் தெளிவு வேண்டும். 2023 ஜூலையில் ரவிச்சந்திரன் அஸ்வின் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தது டொமினிக்காவில். அது ரொசோவைத் தலைநகராகக் கொண்ட சிறிய தீவு. டொமினிக்கன் குடியரசு, ஹெய்ட்டியுடன் ஒரே தீவைப் பகிர்ந்துகொண்டு அதன் கிழக்குப் பகுதியில் அமைந்திருக்கும் வேறொரு நாடு. புன்ட்டா கானா கடற்கரை இருப்பது இங்கே. இந்தியக் கடவுச்சீட்டுக்கு டொமினிக்காவில் விசா தேவையில்லை என்று எங்கோ படித்துவிட்டு, அதை டொமினிக்கன் குடியரசுக்கும் பொருத்திக்கொண்டு பயணச்சீட்டு வாங்கியவர்கள் உண்டு. இரண்டாவது நாட்டுக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. அதற்கான விலக்கைப் பற்றிக் கீழே வருகிறேன்.

யார் நிரப்ப வேண்டும் என்பதில் அடிக்கடி தவறுவோர் சில வகையினர். நியூயார்க்கில் குடியேறி அமெரிக்கக் கடவுச்சீட்டு பெற்றுவிட்ட டொமினிக்கர்கள், சொந்த ஊருக்குப் போவதற்கு எதற்குப் படிவம் என்று எண்ணிவிடுகிறார்கள். எந்தக் கடவுச்சீட்டில் பயணம் செய்தாலும் படிவம் உண்டு. குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கவில்லை என்பதால் அதற்குப் படிவம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அடுத்த வகை. ஒரே முகவரியில் தங்கப்போகும் குடும்பம் ஒரே விண்ணப்பத்தில் எல்லோரையும் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். தந்தை தன் பெயருக்கு மட்டும் நிரப்பிவிட்டு, நிரப்பி முடித்ததும் கிடைத்த ஒரே கியூஆர் குறியீடு நால்வருக்கும் செல்லும் என்று நம்பி வரிசையில் நிற்பது வாடிக்கையாக நடக்கிறது. சொகுசுக் கப்பலில் புவெர்ட்டோ பிளாட்டாவுக்கு வந்து மாலையில் அதே கப்பலில் திரும்புபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. லா ரோமானாவில் கப்பல் ஏறுவதற்காக விமானத்தில் வந்திறங்குபவருக்கு உண்டு. வந்து சேரும் வாகனம் விமானமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏமாற்றுத் தளங்கள். விமானப் பயணச்சீட்டையே உலகம் முழுவதும் இ-டிக்கெட் என்று அழைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு அரசுப் படிவத்துக்கும் அதே பெயரைச் சூட்டிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. “இ-டிக்கெட் இருக்கிறதா” என்று செக்-இன் கவுன்ட்டரில் கேட்டால், பயணி விமான நிறுவனம் அனுப்பிய சீட்டைக் காட்டுகிறார். கேட்டவர் தலையை ஆட்டி வரிசையிலிருந்து விலகச் சொல்கிறார். விலகியவர் அவசரத்தில் கூகுளில் தேடும்போது, அரசுத் தளத்துக்கு முன்பாக விளம்பரத் தளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கொடியும் முத்திரையும் போட்டு அரசுத் தளம் போலவே அமைக்கப்பட்ட அவை, இலவசப் படிவத்தை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் வாங்குகின்றன. பணம் போவது ஒருபுறம் இருக்க, குடும்பத்தின் கடவுச்சீட்டு விவரங்கள் முழுவதும் யாரென்று தெரியாதவர்களின் கைக்குப் போய்விடுகின்றன. உண்மையான தளம் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையுடையது. அதன் முகவரி ஜி-ஓ-பி, புள்ளி, டி-ஓ என்று முடியும். ஸ்பானிய மொழி நாடாகையால் ஜி-ஓ-வி என்று வராது, ஜி-ஓ-பி என்றுதான் வரும். டாட் காம், டாட் ஆர்க் என்று முடியும் எதையும் நம்ப வேண்டாம். அட்டை எண்ணைக் கேட்கும் பக்கம் வந்தாலே அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

இதில் குழப்பத்தைக் கூட்டுவது பக்கத்துத் தீவுகளின் வழக்கம். அரூபாவின் ஈடி அட்டை என்னும் படிவத்தைப் புறப்பாட்டுக்கு முந்தைய 7 நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். விமானத்தில் வரும் 8 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் ஆண்டுக்கு ஒரு முறை 20 டாலர் கட்டணத்தையும் அந்தத் தளத்திலேயே செலுத்த வேண்டும். அரூபாவுக்குப் போய்வந்த நண்பர் “ஆமாம், பணம் கட்டத்தான் வேண்டும்” என்று சொன்னால் அவர் சொல்வது அவருடைய தீவுக்கு உண்மை. டொமினிக்கன் குடியரசில் சுற்றுலா அட்டைக்கான 10 டாலர் 2018 முதல் விமானச் சீட்டின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. இ-டிக்கெட்டுக்குத் தனியாக ஒரு காசும் கிடையாது. விமான நிலையத்தில் அடையாள அட்டை போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு உதவ வருபவரிடம் கைபேசியைக் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

படிவத்தைத் திறந்தவுடன் ஒரு விண்ணப்பக் குறியீடு திரையில் தோன்றும். பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இணைப்பு பாதியில் அறுந்தாலோ, பிறகு கியூஆர் குறியீட்டை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தாலோ அந்த விண்ணப்பக் குறியீடு இல்லாமல் எதுவும் நடக்காது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டியதுதான். ஆகவே முதல் வேலையாக அதை எழுதிக்கொள்ளுங்கள் அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடுமாற்றம் பெயரில் வருகிறது, அதுவும் நம்மவர்களுக்கே உரியது. தமிழர் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கும். முதலெழுத்தை விரித்து எழுதுவதா, தந்தை பெயரைப் போடுவதா என்று அங்கே உட்கார்ந்து புதிதாக ஒரு முடிவெடுக்காதீர்கள். விமானச் சீட்டில் பெயர் எவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வாறே இதிலும் எழுதுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பார்ப்பது காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான். தமிழர் பெயர்மரபை விளக்கிக் கேட்கும் பொறுமை அந்த இடத்தில் எவருக்கும் இருக்காது.

விமான எண்ணிலும் இதே போன்ற பிழை நேர்கிறது. இரண்டு மூன்று விமானம் மாறிச் செல்பவர்கள் முதலில் ஏறும் விமானத்தின் எண்ணை எழுதிவிடுகிறார்கள். கேட்கப்படுவது டொமினிக்கன் மண்ணில் இறங்கப்போகும் விமானத்தின் எண். தங்குமிட முகவரியில் மாகாணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது புன்ட்டா கானாவைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் அது மாகாணமன்று. லா அல்தாகிராசியா மாகாணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லா ரோமானா விமான நிலையத்தில் இறங்கிப் பலரும் செல்லும் பாயாஹிபே கூட இந்த மாகாணத்தில்தான் வருகிறது. விடுதியில் தங்காமல் வாடகை வீட்டில் தங்குபவர்கள் வீட்டுக்காரரிடம் மாகாணம், நகராட்சி, பகுதி ஆகிய மூன்றையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தவறாக அனுப்பிவிட்டால், அதைத் திருத்தித் தரும்படி யாருக்கும் மின்னஞ்சல் எழுதிப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். புதிதாக ஒன்றை நிரப்பிவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

கடைசிப் பக்கத்தில் சுங்கக் கேள்விகள் வரும். குழுவாகப் போகும்போது நண்பர் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து நிரப்பி, இந்தப் பக்கத்தில் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடுவார். 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் பணமோ அதற்கு ஈடான வேறு நாணயமோ கொண்டுசெல்பவர் அதை அறிவித்தே ஆக வேண்டும். நாட்டுக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் இது பொருந்தும். பணம் கொண்டுபோவது குற்றமில்லை, மறைப்பதே குற்றம். நண்பர் குறித்த ‘இல்லை’க்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உணவுப்பொருள், செடி, விதை பற்றியும் கேட்கிறார்கள் என்பதால், ஊறுகாயும் பொடிவகைகளும் இல்லாமல் வெளியூர் போகாதவர்கள் அந்தப் பக்கத்தில் சற்று நின்று படிக்கட்டும்.

இதையெல்லாம் கடந்து கியூஆர் குறியீடு வந்தவுடன் பலர் செய்யும் பெரிய தவறு, அதை நுழைவு அனுமதியாக எடுத்துக்கொள்வது. அனுப்பிய கணமே குறியீடு வந்துவிடுகிறது; எந்த அதிகாரியும் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதில்லை. விசா தேவைப்படுபவருக்கும் வந்துவிடும், காலாவதியான விசா வைத்திருப்பவருக்கும் வந்துவிடும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசாவிலிருந்து விலக்கு கிடைப்பது, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பொது விசா வழங்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதாவதொன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமை அட்டையோ கையில் இருந்தால் மட்டுமே.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்யும் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வேலை அனுமதி புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் தேதி முடிந்திருக்கும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அது பிரச்சினையே இல்லை என்பதால் எவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாட்களுக்குள் திரும்புபவர்களுக்குக் காலாவதியான விசாவையே ஏற்றுக்கொள்ளும் ஒரு சலுகை அமெரிக்க விதியில் உண்டு. கரீபியன் தீவுகளுக்குப் போய்த் திரும்பும்போது அந்தச் சலுகை எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் பரிமாற்றப் பயணிகளுக்கும் மட்டுமே பொருந்தும். எச்-1பி காரர்களுக்குப் பொருந்தாது. மாணவர்களுக்கும் இதில் முழு நிம்மதி கிடையாது, ஏனெனில் திரும்பி வர அமெரிக்கா விட்டாலும், உள்ளே நுழைய டொமினிக்கன் குடியரசு கேட்பது செல்லுபடியாகும் விசாவை. விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் விசாப் பக்கத்தின் தேதியைப் பாருங்கள். இ-டிக்கெட் தளம் உங்களை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எச்சரிக்காது.

கவுன்ட்டரில் தடுக்கப்பட்டால் அலைக்கழிப்பு எவ்வாறு நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விமான நிறுவனத்தில் கேட்டால் அது அரசுப் படிவம், எங்களால் எதுவும் செய்ய முடியாது என்பார்கள். அரசிடம் கேட்கலாம் என்றால் அந்த அரசு கடலுக்கு அப்பால் இருக்கிறது. சுற்றுலா ஏற்பாடு செய்தவரோ, அது உங்கள் தொகுப்பில் சேராது என்று சொல்லிவிடுவார். மூவரும் பேசி முடிப்பதற்குள் கவுன்ட்டர் மூடிவிடும். ஆகவே புறப்படும் நாளுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து நிரப்பி, கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படமாகச் சேமித்து, ஒரு பிரதியைக் காகிதத்திலும் எடுத்துச் செல்லுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இறங்கியவுடன் சுங்க வாசலில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்போது உங்கள் சிம் வேலை செய்யாமல் போகலாம்.

வெளியேறும் பதிவை மறப்பவர்களே அதிகம். வரும்போதே திரும்பும் விமான விவரத்தையும் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஒருவழிச் சீட்டில் வந்தவர்களும், இடையில் திரும்பும் தேதியை மாற்றிக்கொண்டவர்களும், வெளியேறுவதற்கான படிவத்தை விடுதியை விட்டுக் கிளம்பும் முன் நிரப்பிவிட வேண்டும். அனுமதித்த நாட்களுக்கு மேல் தங்கியிருந்தால் அதற்குரிய அபராதத்தையும் புறப்படும் விமான நிலையத்தில் வசூலிக்கிறார்கள்; அதைச் செலுத்தி ரசீது வாங்க ஒரு தனி வரிசை உண்டு என்பதால், அப்படிப்பட்டவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய்ச் சேருங்கள்.