நொதி ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வந்தால்

கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிய பிள்ளை, தசை தளர்ந்து இதயம் பெருத்த கைக்குழந்தை, நடக்கப் பழகிய பின் நடை தடுமாறத் தொடங்கும் இரண்டு வயதுக் குழந்தை. இவர்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் சோதனைகளில் லைசோசோம் (செல்லுக்குள் கழிவை உடைக்கும் சிறு பை) நொதிச் சோதனையும் ஒன்று. நொதி என்பது என்சைம். கோஷே (Gaucher), பாம்ப்பே (Pompe), டே-சாக்ஸ் (Tay-Sachs) போன்ற பரம்பரை நோய்கள் இதில்தான் பிடிபடுகின்றன.

இங்கே அளக்கப்படுவது நொதி செய்யும் வேலை. எவ்வளவு நொதி இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, உடைத்து, அதிலுள்ள புரதத்தை அளந்துகொள்வார்கள். பிறகு 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் ஒட்டிய செயற்கைச் சர்க்கரையை அமிலக் கரைசலில் கலந்து 37 டிகிரியில் வைப்பார்கள். நொதி அந்தப் பிணைப்பை வெட்ட வெட்ட மெத்தில்அம்பெல்லிஃபெரோன் விடுபடும். கடைசியில் காரக் கரைசல் ஊற்றினால் நொதி நின்றுவிடும், விடுபட்டது நீலமாக ஒளிரும். ஒரு மில்லிகிராம் புரதம் ஒரு மணி நேரத்தில் எத்தனை நானோமோல் வெட்டியது என்பதே ரிப்போர்ட்டில் வரும் எண்.

அதனால் வேலையை எது கெடுத்தாலும் எண் குறையும். மரபணுப் பிழையும் குறைக்கும், வெயிலில் நின்ற கூரியர் வண்டியும் குறைக்கும். எண்ணை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது.

சாம்பிள் கெடுவது பெரும்பாலும் எடுத்த இடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில்தான். ஹெப்பாரின் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து) குழாயில் எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டிபோல் உறைய வைக்கக் கூடாது. அப்படி உறைந்தால் வெள்ளணுக்கள் உடைந்துபோகும், பிரித்தெடுக்க எதுவும் மிஞ்சாது. ஐஸ் பேக் குழாயை நேரடியாகத் தொடாமல் காகிதமோ பஞ்சோ நடுவில் இருக்கட்டும். 24 மணி நேரத்துக்குள் சேர்வது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்து அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும். வாரத்தின் முதல் மூன்று நாட்களில் எடுங்கள். உலர் ரத்த அட்டை (ரத்தச் சொட்டை வட்டமிட்ட காகிதத்தில் காயவைப்பது) என்றால் வட்டம் முழுக்க நனைய வேண்டும். படுக்கை வாட்டில் நிழலில் மூன்று, நான்கு மணி நேரம் காய்ந்த பிறகே சிலிக்கா பையோடு மூடி அனுப்ப வேண்டும். ஈரம் காயாத அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதிலுள்ள நொதி வேகமாகச் செத்துவிடும். அட்டையில் கணக்கு ரத்தத்தின் அளவை வைத்துத்தான், வெள்ளணுவை வைத்து அல்ல. ஆகவே வெள்ளணு குறைந்த குழந்தைக்கு எண்ணும் குறைந்தே வரலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது ஒப்பீட்டு நொதி. சந்தேகப்படும் நொதியோடு, அந்த நோயில் பாதிக்கப்படாத இன்னொன்றையும் (பீட்டா-கேலக்டோசிடேஸ் போல) அதே சாம்பிளில் அளந்திருக்க வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் சாம்பிளைச் சந்தேகியுங்கள், புது ரத்தம் கொடுங்கள். ஒப்பீட்டு எண்ணே இல்லாத ரிப்போர்ட்டை வைத்து யாரும் நோயை உறுதிசெய்யக் கூடாது என்பது எங்கள் கருத்து. சல்ஃபடேஸ் வகை நொதி குறைந்திருந்தால் இன்னொரு சல்ஃபடேஸையும் பார்க்க வேண்டும். பலவும் சேர்ந்து குறையும் தனி நோய் ஒன்று உண்டு.

பாம்ப்பே நோய்க்கு வேறொரு சிக்கல். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையில் உள்ள மற்றொரு நொதியும் அதே சர்க்கரையை வெட்டும். அகார்போஸ் சேர்த்து அதை அடக்காவிட்டால் நோயுள்ள குழந்தைக்கும் ‘நார்மல்’ வந்துவிடும்.

சாம்பிள் சரி, எண்ணும் உண்மையாகவே குறைவு, ஆனால் நோய் இல்லை என்பதும் நடக்கும். அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற நொதி இதற்குப் பேர்போனது. சிலருக்கு இயல்பில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்யும், ஆனாலும் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாக இருப்பார்கள். சிறுநீரில் சல்ஃபடைட் (இந்த நொதி உடைக்க வேண்டிய கொழுப்பு) கூடியிருக்கிறதா என்று பார்த்து, மரபணுச் சோதனையும் செய்த பிறகே மெட்டாக்ரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோஃபி (இந்த நொதி இல்லாததால் மூளை, நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று சொல்லலாம்.

தலைகீழாகவும் உண்டு. ஃபேப்ரி நோயுள்ள பெண்களுக்கு நொதி இயல்பாகவே வரக்கூடும். அவர்களுக்கு நேரே மரபணுச் சோதனைதான். சில நோய்களில் நொதி சரியாக இருக்கும், அதற்குத் துணைபோகும் புரதம் இருக்காது. செயற்கைச் சர்க்கரை அந்தத் துணையில்லாமலே வெட்டுப்படுவதால் சோதனைக் குழாயில் குறை தெரியாது.

அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த குடும்பங்களில் மற்றவர்கள் நோய்க்கூறைச் சுமக்கிறார்களா என்று நொதியை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். பெரும்பாலான நோய்களில் அது பயன்படாது, சுமப்பவரின் எண்ணும் இயல்பானவரின் எண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நோயுள்ள பிள்ளையின் மரபணுப் பிழை எது என்று தெரிந்தால்தான் பெற்றோரையும் உறவினரையும் சோதிக்க முடியும். அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் பார்ப்பதற்கும் அது உதவும். பிள்ளை மிகவும் கவலைக்கிடமாக இருந்தால் நொதி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல், ஈடிடிஏ (இதுவும் ரத்தம் கட்டாமல் தடுப்பது) குழாயில் 2 அல்லது 3 மில்லி ரத்தம் எடுத்து டிஎன்ஏ-வைப் பிரித்துப் பாதுகாக்கும்படி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.