கை வலுக் குறைந்த குழந்தையும் சைக்கிளின் சமநிலையும்

பிறக்கும்போது கழுத்துப் பகுதி நரம்புகள் இழுபட்டதாலோ, மூளைவாதத்தாலோ ஒரு கையில் வலுக் குறைந்த குழந்தை சைக்கிள் கேட்டால், விழுந்துவிடுவானே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆனால் அந்த அச்சம் பெரும்பாலும் சமநிலையைப் பற்றியதாக இருக்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது பிரேக்கைத்தான்.

சைக்கிள் வலப்புறம் சாயத் தொடங்கினால் முன்சக்கரமும் சற்று வலப்புறம் திரும்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்கள் எடைமையத்துக்கு அடியில் மீண்டும் வந்துவிடும். ஓரளவு வேகம் பிடித்த வண்டி இதைப் பெருமளவு தானாகவே செய்துகொள்கிறது. சக்கரச் சுழற்சியே இதற்குக் காரணம் என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். அச்சுழற்சியின் விளைவை ஈடுகட்டி நீக்கிய ஒரு சோதனை வண்டியும் ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடியதை 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எடை எங்கெங்கே அமைந்திருக்கிறது என்பதும் முக்கியம் என்று அதனால் தெளிவாயிற்று. ஆக, ஓடும் வண்டியில் கைக்கு வேலை குறைவு. புறப்படும் முதல் சில மீட்டர்களில்தான் ஹேண்டில்பாரைப் பெரிதாக அசைக்க நேரிடும். அதனால்தான் முதலில் பெடல்களைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் பதியுமாறு சீட்டை இறக்கி, காலால் உந்தி உந்திப் பழகச் செய்வது பயன் தருகிறது.

பிரேக் பிடிக்கும்போது நிலைமை மாறுகிறது. வண்டி வேகம் குறைய, உடல் முன்னோக்கியே செல்ல முயல்கிறது. அந்த உந்தலைத் தாங்குபவை கைகள். வலக்கை மட்டும் ஊன்றியிருந்தால் ஹேண்டில்பாரின் வலமுனை முன்னே தள்ளப்பட்டு, சக்கரம் இடப்பக்கம் திரும்பிவிடும். இந்தத் திருப்புவிசை, உந்தலின் அளவையும் கைப்பிடி நடுத்தண்டிலிருந்து இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. கைப்பிடியைப் பாதித் தூரத்துக்கு உள்ளே கொண்டுவந்தால் திருப்புவிசையும் பாதியாகும். அதற்கு விலையாக வண்டியைத் திருப்பக் கூடுதல் விசை தேவைப்படும் என்பதால், குழந்தையை ஓட்டவைத்துப் பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்தி, முதுகு நிமிர உட்காரவைத்தால் கையில் விழும் எடையும் குறையும்.

இரண்டு பிரேக் ஒயர்களையும் ஒரே லீவரில் இணைக்கும் வகை லீவர்கள் உண்டு; வலுவுள்ள கையின் பக்கம் அதைப் பொருத்தி, பின்பிரேக் ஒரு கணம் முன்னதாகப் பிடிக்குமாறு ஒயரைச் சரிசெய்யலாம். பின்பிரேக் மட்டும் போதும் என்று விட்டுவிடுவது சரியாகாது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, இரண்டு பிரேக்கும் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டரில் நிற்கும்; பின்பிரேக் மட்டும் என்றால் 3.5 மீட்டர் ஆகலாம். சேலத்துத் தெருவில் குறுக்கே வரும் ஆட்டோவுக்கு முன்னால் இந்த ஒன்றரை மீட்டர் மிகப் பெரியது.

ஏற்காட்டில் வளரும் குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். 15 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாலையில், குழந்தையும் வண்டியுமாக 42 கிலோ எடையை வேகம் கூடாமல் இறக்க, ஏறக்குறைய 27 நியூட்டன் விசையைப் பிரேக் இடைவிடாமல் தர வேண்டும். விரல்கள் விரைவில் சோர்ந்துபோகும். ஆகவே மலைக் குழந்தையும் முதலில் சமதளத்தில்தான் பழக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை எந்தக் குழந்தைக்கும் பழகும் இடமன்று.

உதவுபவர் ஹேண்டில்பாரைப் பிடிக்காமல், பின்னாலிருந்து தோளையோ இடுப்பையோ தாங்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்தால் சாய்வுக்கேற்ற திருப்பத்தைக் குழந்தை உணரவே முடியாது. வலுக் குறைந்த கையை ஹேண்டில்பாரோடு கட்டிவைக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அந்தக் கையை ஏந்தும் கிண்ணம் போன்ற பிடி அமைக்கலாம்; ஆனால் விழும்போது கை தடையின்றிக் கழன்றுவர வேண்டும். விழுகையில் ஊன்றிக்கொள்ள ஒரு கையே இருப்பதால் ஹெல்மெட்டோடு முழங்கை உறையும் தேவை. குழந்தை வளர வளரக் கையின் எட்டும் தூரம் மாறும் என்பதால், சீட்டையும் கைப்பிடியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.