கேம்பர்: சக்கரத்துக்குச் சாய்வு, சாலைக்கு வாட்டம்

காருக்கு நேர் எதிரே நின்று பார்த்தால், முன்சக்கரம் செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்பதே கேம்பர். சக்கரத்தின் மேல்விளிம்பு பாடிப் பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ், வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். வீல் அலைன்மென்ட் கடையில் தரும் தாளில் மைனஸ், பிளஸ் குறியோடு வரும் எண் இதுதான்.

லத்தீனில் வளைந்தது என்ற பொருள்கொண்ட சொல், பழைய பிரெஞ்சில் 'காம்ப்ர்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் கப்பல் தளத்தின் நடு உயர்வைக் குறித்தது. பிறகு சாலைக்கும் விமான இறக்கைக்கும் கார்ச் சக்கரத்துக்கும் பரவியது. அதனால் அகராதியைப் பார்த்து எல்லா இடத்திலும் 'வளைவு' என்று போட்டால் தவறாகிவிடும். இறக்கைக்கு வளைவு பொருந்தும். சக்கரத்தில் வளைவே இல்லை; அது சாய்கிறது.

சாலைக்கு நம் கொத்தனார்களிடம் அருமையான சொல் இருக்கிறது: வாட்டம். மழைநீர் ஓட மொட்டை மாடிக்கு விடும் சரிவும், நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடும் தார்ச்சாலையின் சரிவும் ஒன்றே. 2.5 சதவீத வாட்டம் என்றால், 7 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட சுமார் 87 மி.மீ. உயரம்.

சக்கரத்துக்கு 'கோட்டம்' என்றும் சொல்லலாம்தான். ஒரு பக்கம் சாய்வதைக் 'கோடுதல்' என்றார்கள். தராசுக்கோல் போல 'ஒருபால் கோடாமை' வேண்டும் என்பது குறள் (118). அடுத்த குறளிலேயே 'உட்கோட்டம்' வருகிறது, ஆனால் அது மனத்தின் சார்பைக் குறிக்கிறது. இன்று கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம்தான் நினைவுக்கு வரும். ஆகவே சக்கரச் சாய்வு என்பதே தெளிவு. நெகட்டிவை உட்சாய்வு என்றும் பாசிட்டிவை வெளிச்சாய்வு என்றும் சொன்னால், சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். மைனஸ் எந்தப் பக்கம், பிளஸ் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தார்த்தளத்தில் கூம்புகள் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸில் இந்த உட்சாய்வுக்குப் பெரிய வேலை இருக்கிறது. டாடா டியாகோ இவி போன்ற சிறிய மின்காரில் பேட்டரி தரைக்கு அருகில் இருப்பதால் பாடி அதிகம் ஆடாது என்று நம்பிவிடக் கூடாது. எடை கூடியிருக்கிறது; முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் அமைப்பு. திருப்பத்தில் பாடி 3 பாகை சாய்ந்தால், வெளிப்புறச் சக்கரமும் கூடவே 2 பாகையளவு வெளிப்பக்கம் சாயும். 175/65 ஆர்14 டயரின் வெளித்தோள் மட்டும் தரையைத் தேய்க்கும், உட்பாதி சும்மா இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். முன்கூட்டியே 1.5 முதல் 2.5 பாகை உட்சாய்வு வைத்தால், திருப்பத்தில் டயர் தரையில் பட்டையாக உட்காரும்.

2.5-க்கு மேல் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரும். மிகையான உட்சாய்வில் டயரின் உள்விளிம்பு மட்டும் பற்றி, கிளம்பும்போதே சக்கரம் வழுக்கும், சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் பவரை வெட்டும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் நீளும்.

பெரும்பாலான சிறிய கார்களில் கம்பெனி அமைப்பில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே திருத்த முடியும், சாய்வை முடியாது. எளிய வழி கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலுள்ளதை மட்டும் மாற்றிப் போடுவது. நடுத்தண்டு மையம் விலகியிருப்பதால் சுமார் 1 பாகைக்கு மேல் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடையில் மாடலைச் சொல்லிக் கேட்பதைவிட, கழற்றிய போல்ட்டையே கொண்டுபோய் விட்டமும் நீளமும் ஒப்பிட்டு வாங்குங்கள். இந்த இடத்துக்குப் பழைய போல்ட் கூடவே கூடாது. போல்ட் தயாரிப்பாளர் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். சரியாக இறுகாவிட்டால் நக்கிள் நழுவி, ஒரு பக்கச் சாய்வு மட்டும் மாறிவிடும். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பே போட்டி விதியில் உங்கள் பிரிவுக்கு இந்த மாற்றம் அனுமதியா என்று பார்த்துவிடுங்கள். ஜாக்கியைப் பேட்டரிப் பெட்டியில் முட்டாமல், கம்பெனி குறித்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

அளக்க, கொத்தனார் தூக்குக்குண்டும் இரும்பு ஸ்கேலும் போதும். ஸ்டியரிங்கை நேராக்கி, ஃபெண்டர் விளிம்பில் நூலை ஒட்டி, குண்டு டயரில் உரசாமல் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே அளந்து, மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழியுங்கள். விளிம்புகளின் இடைவெளி 380 மி.மீ. என்றால், 6.6 மி.மீ. வித்தியாசம் 1 பாகை, 13.3 மி.மீ. என்றால் 2 பாகை. மேலே தூரம் அதிகமானால் உட்சாய்வு. எம்ஜி காமெட் மின்கார் போன்ற 12 அங்குல ரிம்முக்கு, இடைவெளி 320 மி.மீ. ஆக இருந்தால், பாகைக்கு 5.6 மி.மீ.

சென்னை அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களில் இங்கேதான் பிசகு வரும். தண்ணீர் போக அந்தத் தரைக்கும் வாட்டம் உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1400 மி.மீ.-இல் தரை 10 மி.மீ. சரிந்தாலே, ஒரு பக்கம் 0.4 பாகை கூட்டியும் மறுபக்கம் அதே அளவு குறைத்தும் காட்டும். முதலில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பிளைவுட் துண்டு வையுங்கள்.

சாய்வை மாற்றினால் டோவும் மாறும். எந்தப் பக்கம் என்பது, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடு அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா என்பதைப் பொறுத்தது. சாய்வு முடிந்த பிறகே டோ. ஆட்டோகிராஸுக்குப் பூஜ்யம், அல்லது மொத்தம் 2 மி.மீ. வரை டோ அவுட் (சக்கரங்களின் முன்பகுதி வெளிப்பக்கம் விலகியிருப்பது).

சாய்வு போதுமா என்பதை டயரே சொல்லும். தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு ஓட்டம் ஓடுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்றைக் கூட்டுங்கள், அப்போதும் அழிந்தால் உட்சாய்வைக் கூட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக் போலப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது) அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். பேட்டரி 100 சதவீதத்தில் ரீஜென் பெரிதாக வேலை செய்யாது. முதல் ஓட்டத்தில் ஒரு மாதிரி, பிறகு வேறு மாதிரி என்று வண்டி நடந்துகொள்ளும், அதைச் சாய்வின் குறை என்று நினைத்துவிடுவார்கள். 85 சதவீதம் அளவில் சார்ஜ் ஏற்றி வந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

அதே வண்டியில்தான் தினமும் ஓஎம்ஆரில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் உட்சாய்வை 1.5-இல் நிறுத்தி, டோவைப் பூஜ்யமாக வையுங்கள். டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் டோ அவுட்தான், சாய்வு அல்ல.